மூச்சும் துணையும்



மூச்சு என்றதும் நம் பேச்சு நேராகத் திருமூலரிடம் போய்விடும். இன்று சற்றுச் சுற்றிக்கொண்டு அவரிடம் வரலாம். முதலில் பிராக், பிறகு கலிஃபோர்னியா, அங்கிருந்து பெங்களூரு, தமிழகக் கடற்கரை, கடைசியாக ஒரு சிற்றூர்க் கோயில். வேகமாக மூச்சுவிட்டு மனத்தை வேறொரு நிலைக்குக் கொண்டுபோனால் நோய் தீருமா என்பதுதான் இந்த வழி நெடுகிலும் நம்மோடு வரும் கேள்வி.

1956ஆம் ஆண்டு. செக்கோஸ்லோவாகியத் தலைநகர் பிராகில் ஸ்டானிஸ்லாவ் குரோஃப் என்ற 25 வயது இளைஞர் மனநல மருத்துவத்தில் அப்போதுதான் காலடி வைத்திருந்தார். சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் மருந்து நிறுவனம் எல்.எஸ்.டி. என்ற புதுப் பொருளை ஆய்வுக்காகப் பல நாட்டு மருத்துவர்களுக்கும் அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. குரோஃப் தாமே முன்வந்து அதை உட்கொண்டார். அன்று கண்டது அவருடைய வாழ்நாள் வேலையைத் தீர்மானித்தது. 1967இல் அமெரிக்கா சென்றார். மேரிலாந்தில், சாவை எதிர்நோக்கியிருந்த புற்றுநோயாளிகளுக்கு இந்தப் பொருளைக் கொடுத்து, பக்கத்திலேயே இருந்து, அவர்களுடைய மரண பயம் தணிகிறதா என்று பார்த்த ஆய்வில் பங்கேற்றார். 1970இல் அமெரிக்கச் சட்டம் எல்.எஸ்.டி.யை மிகக் கடுமையான தடைப் பட்டியலில் சேர்த்தது. அத்தகைய ஆய்வுகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின.

மருந்து போனது. கேள்வி போகவில்லை. 1973இல் கலிஃபோர்னியாவின் பிக் சர் கடற்கரையில் உள்ள எசலென் நிறுவனத்துக்குக் குடியேறிய குரோஃப், பின்னர் மனைவி கிறிஸ்டினாவுடன் சேர்ந்து மருந்தே இல்லாத ஒரு வழியை உருவாக்கினார். ஹோலோட்ரோபிக் மூச்சுப் பயிற்சி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். இன்று உலகெங்கும் வெவ்வேறு பெயர்களில் நடக்கும் வேகமூச்சுப் பயிலரங்குகள் பலவற்றில் அதன் சாயல் இருக்கிறது.

அது நடக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வெளிச்சம் குறைந்த அறை, தரையில் மெத்தை. வந்தவர்கள் இருவர் இருவராகச் சேர்கிறார்கள். ஒருவர் கண்ணை மூடிப் படுத்து மூச்சுவிடுவார். மற்றவர் அருகில் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொள்வார். உள்மூச்சுக்கும் வெளிமூச்சுக்கும் நடுவே இடைவெளியே இல்லாமல், வழக்கத்தைவிட வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு ஓடுகிறது. முதலில் முரசும் வேகத் தாளமும் ஒலிக்கின்றன. உச்சம் தாண்டியதும் இசை மெல்லத் தணிகிறது. இது இரண்டு மணி நேரம், சில சமயம் மூன்று மணி நேரம்கூட நீளும். சிலர் விம்மி அழுகிறார்கள், சிலருக்கு உடல் நடுங்குகிறது, சிலருக்கு இறந்துபோன தாய் தந்தையர் கண்முன் நிற்கிறார்கள். முடிந்ததும் ஒரு வட்டத்துக்குள் தோன்றியதை வரையச் சொல்வார்கள். அடுத்த அமர்வில் படுத்தவரும் பார்த்துக்கொண்டவரும் இடம் மாறிக்கொள்கிறார்கள்.

அருகில் உட்காரும் அந்த ஆளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி அவரிடம் வருவோம்.

பிறக்கும்போது பட்ட வேதனையையே மனிதர்கள் இந்த நிலையில் மீண்டும் வாழ்கிறார்கள் என்று குரோஃப் விளக்கினார். அந்த விளக்கத்தை ஏற்கப் போதிய சான்று இல்லை. ஆனால் விளக்கம் தவறு என்பதால் அனுபவம் பொய்யாகிவிடாது. அனுபவம் எங்கிருந்து வருகிறது என்பதை உடலியலே ஓரளவு நன்றாகச் சொல்கிறது.

வேகமாக மூச்சுவிட்டால் மூளைக்கு நிறையப் பிராணவாயு போகிறது, அதனால்தான் மனம் விரிகிறது என்று பயிலரங்குகளில் அடிக்கடி கேட்கிறோம். நடப்பது நேர்மாறு. ஆரோக்கியமான ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அவருடைய ரத்தம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் பிராணவாயுவால் நிறைந்துதான் இருக்கிறது. மேற்கொண்டு ஏற்ற அங்கே இடம் இல்லை. வேகமூச்சு பெரிதாக மாற்றுவது கரியமில வாயுவை. பிரிட்டிஷ் உடலியலாளர்கள் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905இலேயே காட்டியபடி, நம் மூச்சின் வேகத்தை நொடிக்கு நொடி ஆள்வது பெரும்பாலும் இந்த வாயுதான். ரத்தத்தில் அதன் அழுத்தம் சாதாரணமாக 40 மில்லிமீட்டர் பாதரச அளவை ஒட்டி இருக்கும். தொடர்ந்து வேகமாக மூச்சுவிட்டால் அது பாதிக்குக்கூட இறங்கிவிடலாம். அது இறங்கும்போது மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. ஒவ்வொரு மில்லிமீட்டர் இறக்கத்துக்கும் மூளையின் ரத்த ஓட்டம் ஏறத்தாழ 2 முதல் 4 சதவீதம் குறைகிறது. போதாக்குறைக்கு, ஹீமோகுளோபின் தன்னிடம் உள்ள பிராணவாயுவை முன்னைவிட இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. டென்மார்க்கின் கிறிஸ்டியன் போர் 1904இல் கண்டறிந்த விளைவு இது. ஆக, நெஞ்சு நிறையக் காற்று இருந்தும் மூளைக்குக் கிடைப்பது குறைவு.

ரத்தத்தின் காரத்தன்மையும் கூடுகிறது. அதனால் நரம்புகளை அமைதிப்படுத்தி வைத்திருக்கும் கால்சியத்தில் ஒரு பகுதி கட்டுண்டு போகிறது. உதட்டைச் சுற்றி ஊறல், விரல் நுனிகளில் மரத்துப்போதல், கைவிரல்கள் தாமாகவே உள்நோக்கி இழுத்துக்கொள்ளுதல் எல்லாம் இதனால் வருபவை. தேங்கிய சோகம் வெளியேறுகிறது, அடைபட்ட சக்தி திறக்கிறது என்று இதற்குப் பொருள் சொல்லும் வழிகாட்டிகள் உண்டு. உடலின் வேதியியல் மாறியிருக்கிறது என்பதே உண்மை. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் படுத்திருப்பவருடைய பயம் பாதி குறையும்.

ஆய்வாளர்கள் அண்மையில் இந்த நிலையை நேரடியாகவே அளந்து பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் பிரைட்டன் அண்ட் சசெக்ஸ் மருத்துவக் கல்லூரிக் குழு 2025இல் வெளியிட்ட ஆய்வில், அனுபவமுள்ளவர்கள் இசையோடு வேகமூச்சு விட்டபோது அவர்கள் மூளையைப் படம்பிடித்தார்கள். மூளை முழுவதற்குமான ரத்த ஓட்டம் குறைந்தது. ஆனால் அச்சத்தையும் உணர்ச்சி கலந்த நினைவுகளையும் கையாளும் அமிக்டலா, ஹிப்போகாம்பஸ் பகுதிகளில் வலப்பக்கத்தில் ஓட்டம் கூடியது. கலந்துகொண்டவர்கள் மிகச் சிலரே என்பதால் இதை முதல் தடயமாகக் கொள்வதே முறை. அதே ஆண்டு வெளிவந்த இன்னொரு ஆய்வு, கரியமில வாயு இறங்குவதும் மனநிலை மாறுவதும் சேர்ந்தே நிகழ்வதைக் காட்டியது.

பிரைட்டன் ஆய்வில் கலந்துகொண்டவர்கள் சொன்ன அனுபவங்களில் முதன்மையானது, கடலில் கரைந்துவிட்டது போன்ற எல்லையற்ற உணர்வு. இந்த உணர்வு உளவியலுக்குள் வந்த வழி நம் நாட்டைத் தொட்டுச் செல்கிறது. பிரெஞ்சு எழுத்தாளர் ரோமைன் ரோலந்து 1927இல் சிக்மண்ட் ஃபிராய்டுக்கு எழுதிய கடிதத்தில் இதைப் பற்றிச் சொன்னார். இராமகிருஷ்ணரின் வாழ்க்கையில் அவர் ஆழ்ந்திருந்த காலம் அது. 1929இல் அந்த வரலாற்றை நூலாகவே வெளியிட்டார். தமக்குள் அப்படியோர் உணர்வைக் காண முடியவில்லை என்று ஃபிராய்டு நேர்மையாகப் பதில் சொன்னார். இன்றோ அதே உணர்வுக்கு வினாத்தாளும் மதிப்பெண்ணும் வந்துவிட்டன.

ஆக, மூச்சால் மனநிலை மாறும் என்பதில் இனி ஐயமில்லை. மாறிய மனநிலை நோயைத் தீர்க்குமா என்பது தனிக் கேள்வி. பயிலரங்கு விளம்பரங்கள் முதல் செய்தியைக் காட்டி இரண்டாவதற்கு விலை வாங்குகின்றன. மன வேதனையோடு வருபவரிடம் இந்த இரண்டையும் குழப்பிப் பேசுவது பெரும் அநீதி.

இப்போது திருமூலரிடம் வரலாம். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் பிராணாயாமத்துக்குக் கணக்கு வைக்கிறது: பூரகம் 16 மாத்திரை, கும்பகம் 64, இரேசகம் 32. உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது இரு மடங்கு. நிறுத்துவது நான்கு மடங்கு. இது வேகமூச்சின் எதிர்த்திசை. யோக மரபில் பஸ்திரிகை, கபாலபாதி போன்ற வேகமான வகைகளும் உண்டு. ஆனால் அவை குறுகிய சுற்றுகள். குருவின் கண்பார்வையில், உணவு ஒழுங்கோடும் இருக்கை ஒழுங்கோடும் பழக வேண்டியவை. முறை தவறிய பிராணாயாமத்தால் நோய்கள் வரும் என்று ஹட யோக பிரதீபிகை வெளிப்படையாகவே எச்சரிக்கிறது. பழைய நூல்களைச் சான்றாக மேடையில் காட்டுபவர்கள் இந்த எச்சரிக்கையையும் சேர்த்தே காட்ட வேண்டும்.

நம் நாட்டு ஆய்வுகளில் இரண்டை நின்று பார்க்கலாம். முதலாவது பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் நடந்து 2000ஆம் ஆண்டு வெளியானது. கடும் மனச்சோர்வால் உள்நோயாளிகளாகச் சேர்ந்திருந்த 45 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று குழுவாகப் பிரித்தார்கள். 15 பேருக்கு மின்னதிர்ச்சி சிகிச்சை, 15 பேருக்கு இமிப்பிரமின் மாத்திரை, 15 பேருக்கு சுதர்சன கிரியா என்ற மூச்சுப் பயிற்சி. பாபநாசத்தில் பிறந்த ஸ்ரீ ஸ்ரீ ரவிசங்கர் பரப்பிய பயிற்சி இது. மெதுவான, நடுத்தர, வேகமான மூச்சுகள் இதில் மாறி மாறி வரும். நான்கு வாரத்துக்குப் பிறகு நோய் தணிந்தவர்கள் மின்னதிர்ச்சிக் குழுவில் 93 சதவீதம், மாத்திரைக் குழுவில் 73 சதவீதம், மூச்சுக் குழுவில் 67 சதவீதம். மூச்சு மாத்திரையை எட்டிப் பிடித்தது என்று இதைக் கொண்டாடுபவர்கள் உண்டு. அவர்கள் மறக்கக்கூடாத ஒன்று, அந்த 15 பேரும் மருத்துவமனைக் கட்டிலில், செவிலியரும் மனநல மருத்துவரும் நாள்தோறும் பார்த்துக்கொண்ட நிலையில் மூச்சுவிட்டவர்கள்.

இரண்டாவது நமக்கு இன்னும் நெருக்கம். 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை ஓய்ந்து எட்டு மாதம் ஆகியும் தமிழகக் கடற்கரை முகாம்களில் இருந்தவர்கள் பலருக்குத் தூக்கம் திரும்பவில்லை. அலைச் சத்தம் கேட்டாலே உடல் பதறியது. அவர்களில் 183 பேரை ஆய்வாளர்கள் மூன்று பிரிவாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவுக்குச் சில நாள் மூச்சுப் பயிற்சி. இன்னொன்றுக்கு அதோடு, பட்ட துயரத்தைத் திரும்பச் சொல்லி ஆற்றும் உளவியல் சிகிச்சையும். மூன்றாவது பிரிவு ஆறு வாரம் காத்திருந்தது. அதிர்ச்சியின் கடுமையைக் காட்டும் அளவுகோல் 17 முதல் 85 வரை. காத்திருந்தவர்களின் மதிப்பெண் சராசரியாக 5கூடக் குறையவில்லை. மூச்சு பழகிய இரு பிரிவுகளிலும் 40ஐ ஒட்டிச் சரிந்தது. பேச்சு சிகிச்சை சேர்ந்தவர்களுக்கும் சேராதவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

இந்த அளவு இறக்கம் மனநல ஆய்வுகளில் அபூர்வம். அபூர்வம் என்பதாலேயே கவனமாகப் படிக்க வேண்டும். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கவில்லை. முகாம் முகாமாகப் பிரித்தார்கள். காத்திருந்தவர்களுக்கு எந்தப் பயிற்சியும் இல்லை, யாரும் வந்து அருகில் உட்காரவும் இல்லை. மற்றவர்களோடோ சிலர் வந்து தங்கி, கற்றுக்கொடுத்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். கடல் பிள்ளைகளைக் கொண்டுபோன பிறகு, அப்படிக் கேட்பதற்கு ஆள் வருவதே பெரிய காரியம். குணம் தந்தது மூச்சா, வந்த மனிதர்களா? அந்த ஆய்வின் அமைப்பு இதற்குப் பதில் சொல்லாது.

பதிலுக்கு அருகில் நம்மைக் கொண்டுபோகும் சோதனை ஒன்றின் முடிவு 2023இல் இங்கிலாந்திலிருந்து வெளியானது. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கை ஃபின்ச்சம் குழுவினர் 400 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேர் நிமிடத்துக்கு ஐந்தரை மூச்சு என்ற மெதுவான ஒழுங்கில் நாளொன்றுக்குப் பத்து நிமிடம் பழகினார்கள். மற்றவர்களுக்குச் சாதாரண வேகமான 12 மூச்சைக் கொடுத்து, அதையும் பயிற்சி என்றே நம்ப வைத்தார்கள். நான்கு வாரம் கழித்து இரு குழுக்களுக்கும் இடையே வேறுபாடே இல்லை. இதே குழு அதே ஆண்டு 12 சோதனைகளைத் தொகுத்து, மொத்தம் 785 பேரிடம், மூச்சுப் பயிற்சி மன அழுத்தத்தைச் சிறிய முதல் நடுத்தர அளவில் குறைக்கிறது என்று கணித்திருந்தது. தம் துறைக்குச் சாதகமான முடிவையும் பாதகமான முடிவையும் ஒரே ஆண்டில் வெளியிட்ட அந்த நேர்மை பாராட்டத்தக்கது. எண்ணிக்கை எதுவானாலும், நாள்தோறும் ஒதுங்கி உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பதிலேயே பலனின் பெரும்பகுதி இருக்கக்கூடும்.

இனி அந்தச் சிற்றூர்க் கோயில். 2000ஆம் ஆண்டு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசாமி கோயிலில், மனநோய் தீர வேண்டி வந்து தங்கிய 31 பேரைப் பார்த்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு மனச்சிதைவு நோய். கோயிலில் மருந்து கிடையாது, கட்டணம் கிடையாது. காலைப் பூசை, பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது போன்ற சிறு வேலைகள். ஒவ்வொருவருடனும் வீட்டார் ஒருவர் உடன் தங்க வேண்டும். சராசரியாக ஆறு வாரம் இருந்தார்கள். நோய்க்குறிகளின் மதிப்பெண் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. மருந்துகள் தரும் முன்னேற்றத்துக்கு இது இணையானது என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2002இல் எழுதினார்கள். அங்கே அருள் வந்து ஆடியதாலோ உச்ச நிலையை எட்டியதாலோ குணம் வந்ததாக ஆய்வாளர்கள் சொல்லவில்லை. அச்சமில்லாத, அரவணைக்கும் சூழலைக் காரணமாகச் சுட்டினார்கள்.

எசலென் மெத்தையின் அருகே உட்கார்ந்தவர், கடற்கரை முகாமுக்கு வந்தவர், கோயில் திண்ணையில் உடன் படுத்த தாய் அல்லது தம்பி. மாறிய மனநிலை தானே மருந்தாவதில்லை. அந்த நிலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் உடனிருக்கும் பொறுப்பான ஆளே சிகிச்சையின் பெரிய பகுதி என்று இவர்கள் மூவரையும் சேர்த்துப் பார்க்கும்போது தோன்றுகிறது. குரோஃப் தம் முறையில் செய்த மிகச் சரியான காரியம் அந்த இன்னொரு ஆளை வைத்ததுதான். திரையில் பார்த்துப் பாதி இரவில் தனியறையில் வேகமூச்சு பழகும் இன்றைய இளைஞர்கள் விட்டுவிடுவதும் அவரைத்தான்.

உடனிருப்பவர் இல்லாமல் நம்பிக்கை மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு தர்கா ஊரான ஏர்வாடியைவிடக் கொடிய சாட்சி வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, குணம் தேடிக் கொண்டுவந்து விடப்பட்டவர்கள் தங்கியிருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடைசெய்தது. தீ விபத்துக்குப் பிற்பாடு அதே ஏர்வாடியில், தொழுகைக்கு வருபவர்களுக்கு அங்கேயே மனநல மருத்துவமும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. மருந்தும் துஆ என்ற வேண்டுதலும் ஒரே வாசலில் என்ற அந்த வழியை மூச்சுப் பயிலரங்குகளும் பின்பற்றலாம்.

வேகமூச்சின் ஆபத்துகளை மறைத்துப் பேசக்கூடாது. வலிப்பு நோயைக் கண்டறியும் மூளை மின் பதிவின்போது, மறைந்திருக்கும் வலிப்பைத் தூண்டி வெளிக்கொணர மருத்துவர்கள் நோயாளியை மூன்று நிமிடம் வேகமாக மூச்சுவிடச் சொல்வார்கள். மூன்று நிமிடத்துக்கே அந்த வல்லமை. பயிலரங்கில் அதுவே இரண்டு மணி நேரம். இதய நோய், அதிக ரத்த அழுத்தம், வலிப்பு, கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய், மூளை ரத்தக் குழாய் வீக்கம், கர்ப்பம், அண்மை அறுவை சிகிச்சை, மனச்சிதைவு அல்லது இருமுனைக் கோளாறு உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். குளத்திலோ நீச்சல் தொட்டியிலோ மூழ்குவதற்கு முன் வேகமூச்சு விடவே கூடாது. கரியமில வாயு குறைந்துவிட்டதால் மூச்சுமுட்டும் உணர்வு வருவதற்குள்ளேயே நினைவு தப்பி, நீருக்குள் உயிர் போய்விடும். ஸ்காட்லாந்தின் ஃபைண்ட்ஹார்ன் ஆன்மிகக் குடியிருப்பில் 1990களின் தொடக்கத்தில் இந்தப் பயிற்சி நடந்தபோது, எடின்பரோ பல்கலைக்கழக நோயியல் பேராசிரியர் ஒருவர் கவலை தெரிவித்தார். 1993இல் அங்கே அதை நிறுத்தி வைத்தார்கள்.

பயிலரங்கு நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பணம் வாங்கும் முன் உடல்நிலையைக் கேளுங்கள். கைவிரல் ஏன் இழுத்துக்கொள்ளும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் ஆளை உட்கார வையுங்கள். வீட்டுக்குப் போன பிறகு மறுநாளும் அதற்கடுத்த வாரமும் கூப்பிட்டு விசாரியுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை.

இங்கே வந்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். நிதானமாக, மூக்கின் வழியாக, வெளிமூச்சைச் சற்று நீட்டி நாள்தோறும் பத்து நிமிடம் உட்காருங்கள். பெரும்பாலோருக்கு அதில் தீங்கில்லை, செலவும் இல்லை. வேகமூச்சைத் தனியாகப் பழகாதீர்கள். மனம் தாங்க முடியாமல் கனக்கும் நாளில் மூச்சோடு மட்டும் போராடிக்கொண்டிருக்கவும் வேண்டாம். மத்திய அரசின் டெலிமனஸ் மனநல உதவி எண் 14416. இரவும் பகலும் இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.